வராத கடிதங்களுக்குப் பயந்தவர்

தாம்பரம் ரயில் நிலையத்தில் தண்டவாளத்தைத் தாண்டாமல், படியேறி மேம்பாலம் வழியாகவே பிளாட்பாரத்துக்கு வருகிற ஒரே மனிதரை அந்த நாட்களில் எனக்குத் தெரியும். செங்கல்பட்டு வண்டி கிளம்பப் போகிறது என்று நாங்களெல்லாம் துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு கல்லிலும் கம்பியிலும் கால் வைத்து ஓடுவோம். அவர் மட்டும் மேலே, கைப்பிடியைத் தொட்டபடி, ஒவ்வொரு படியாக வந்துகொண்டிருப்பார். வண்டி போய்விட்டால் போகட்டும் என்று அடுத்த வண்டிக்கு நிற்பார். அப்படி நிற்க வேண்டி வரும் என்று பயந்தே வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்பிவிடுவார் என்பதால், ஒரு நாளும் அவர் தாமதமாக வந்ததில்லை. தாமதமாக வந்ததெல்லாம் நான்தான்.

வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியிருந்த ஒரு பொறியியல் கல்லூரி அது. பெயர் வேண்டாம். அங்கே கம்ப்யூட்டர்களையும் மெயிலையும் பார்த்துக்கொள்ள இரண்டே பேர். அவர் மூத்தவர், நான் அவருக்குக் கீழே. பிள்ளைகள் அவரை 'சிஸ்டம் பாய்' என்பார்கள். நான் வெறுமனே பாய் என்பேன். நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. கிழக்குத் தாம்பரத்தில் வீடு, மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக வீட்டுக்குப் போன் போட்டு, "வந்துட்டேன்" என்பார். வேறொன்றும் பேசமாட்டார்.

பயப்படுவதற்கு அவருக்கு எதுவும் சின்ன விஷயம் இல்லை. பையில் இரண்டு டார்ச் இருக்கும், ஒன்று எரியாவிட்டால் இன்னொன்று. சட்டைப் பையில் பெயர், முகவரி, ரத்த வகை எழுதிய அட்டை. ரயிலில் நடுப்பெட்டியில்தான் ஏறுவார், வண்டி மோதினால் முதலும் கடைசியும்தான் நசுங்குமாம். ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கப் பத்துப் பேர் சேரும்வரை ஓரத்திலேயே நிற்பார். சில நாள் காலையில் உயிரியல் பூங்கா பக்கமிருந்து சிங்கம் உறுமுவது காற்று வாக்கில் எங்கள் அறை வரைக்கும் கேட்கும். எங்களுக்கெல்லாம் அது பழகிப்போயிருந்தது. அவர் மட்டும் டிபன் பாக்ஸை மூடிவிட்டு, "இன்னிக்குக் கொஞ்சம் கிட்டக் கேக்குதோம்மா?" என்பார். நான் சிரிப்பேன். பயந்தாங்கொள்ளி என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அவருக்குக் கோபமே வராது. "எதுக்கும் ஒரு தடவ பாத்துருவோமே" என்று எழுந்து போய், பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு வருவார். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது அந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து கேட்டிருப்பேன்.

எங்கள் கல்லூரிக்கென்று சொந்தமாக ஒரு மெயில் சர்வர் இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த நாலைந்து வருடங்களில் மெயில் என்றாலே பாதிக்கு மேல் குப்பைதான். லாட்டரி விழுந்தது என்பான், ஆப்பிரிக்க இளவரசனின் விதவை எழுதுகிறேன் என்பான், மாத்திரை விற்பான், அதைவிடக் கேவலமானதையும் விற்பான். தேர்வுப் பிரிவில் ஒருவர் பரிசு என்று வந்த இணைப்பைத் திறந்து, ஒரு செமஸ்டரின் இன்டர்னல் மார்க் முழுவதும் வைரஸுக்குப் போயிற்று. அதையாவது மறுபடி தட்டச்சு செய்தோம். ஆய்வுக் குழு வந்த அன்று முதல்வர் பெருமையாகத் தன் மெயிலைப் பெரிய திரையில் திறந்து காட்டினார். மேலாகக் கிடந்த மெயிலின் தலைப்பை என்னால் இங்கே எழுத முடியாது. அன்று சாயங்காலமே பாயைக் கூப்பிட்டு, இனி ஒரு குப்பைகூட உள்ளே வரக் கூடாது, வந்தால் நீங்கள் உள்ளே வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

குப்பையைத் தடுக்கிற மென்பொருள் ஏற்கெனவே இருந்தது. அது வேலை செய்யும் விதம் எனக்கு வேடிக்கையாக இருக்கும். வருகிற ஒவ்வொரு மெயிலையும் பரீட்சைப் பேப்பர் மாதிரி திருத்தி மார்க் போடும். எல்லாம் பெரிய எழுத்தில் எழுதியிருந்தால் ஒரு மார்க். அவசரம் என்றிருந்தால் ஒன்று. பணம் என்ற பேச்சு வந்தால், கடவுள் பெயர் வந்தால், தேதி முன்பின்னாக இருந்தால், தெரியாத ஊர் சர்வரிலிருந்து வந்தால், ஒவ்வொன்றுக்கும் இத்தனை இத்தனை என்று போட்டுக்கொண்டே போகும். பிள்ளைகளுக்கு மார்க் குறைந்தால் ஃபெயில். இங்கே மார்க் கூடினால் ஃபெயில். ஃபெயிலான மெயில் உரியவருக்குப் போகாமல் தனியாக ஓர் இடத்தில் கிடக்கும். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. முதல்வர் சொன்னதற்காகப் பாய் அந்த ஃபெயில் மார்க் எல்லையை இன்னும் கீழே இறக்கி வைத்தார். அதாவது கொஞ்சம் சந்தேகம் வந்தாலே ஃபெயில். இறக்கிவிட்டு வெகு நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப நிம்மதிதானே பாய், ஒண்ணும் உள்ள வராது" என்றேன்.

"வர்றதப் பத்தி எனக்கு என்னிக்கும் பயமில்லம்மா. வந்தா தூக்கிப் போட்டுட்டுப் போயிடலாம். வராமப் போறது எதுன்னு யாருக்குத் தெரியும்? அனுப்புனவரு போயிருச்சுன்னு இருப்பாரு. இவரு, அப்படி ஒண்ணு வரணும்னே தெரியாம இருப்பாரு."

சிங்கத்துக்கும் ரயிலுக்கும் லாரிக்கும் பயப்பட்டதெல்லாம் சும்மா. அவருடைய உண்மையான பயம் இதுதான் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் முகம் உண்மையிலேயே வெளுத்திருந்தது.

மறுநாளிலிருந்து அவராக ஒரு வேலையைச் சேர்த்துக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. காலை ஒன்பது மணிக்கு, முந்தின நாள் ஃபெயிலான மெயில்களின் பட்டியலை எடுத்து, யார் அனுப்பியது, யாருக்கு, என்ன தலைப்பு, எத்தனை மார்க் என்று வரிவரியாகப் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடிப்பார். கர்க் கர்க் என்று பத்து நிமிஷம் அந்தச் சத்தம். ஒரு பக்கம் அடித்து வீணான கம்ப்யூட்டர் பேப்பரின் மறுபக்கம்தான் அதற்கு. பிறகு மேஜையில் விரித்து, மர ஸ்கேலை ஒரு வரிக்கு அடியில் வைத்து, படித்து, ஸ்கேலை ஒரு வரி இறக்கி, மறுபடி படித்து, இப்படியே எட்டுப் பக்கம், பத்துப் பக்கம் போவார். திரையில் பார்த்தால் கண் வழுக்கிவிடும், தாளில்தான் ஒரு வரிகூடத் தப்பாது என்பது அவர் கட்சி. அத்தனையும் ஆபாசம், மோசடி. நான் டீ கொண்டுபோய் வைத்தால் சட்டென்று ஸ்கேலோடு கையையும் பரப்பி மோசமான வரிகளை மறைத்துக்கொள்வார். ஒரு நாளும் அந்தத் தாளை மேஜைமேல் திறந்து போட்டுவிட்டு எழுந்து போனதில்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு அவர்மேல் பிரியம் பொங்குகிறது.

அந்தக் குப்பைக்குள் நிஜமான கடிதங்கள் இருந்தன. வாரத்துக்கு இரண்டு, மூன்று. முதலில் சிக்கியது மஸ்கட்டில் இருந்த ஒரு தகப்பனார் எழுதியது. மரியாதைக்குரிய ஐயா, கடவுள் உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் ஆசீர்வதிப்பார், பணம் அனுப்பியிருக்கிறேன், மிக மிக அவசரம், தயவுசெய்து உடனே பதில் தரவும் என்று ஆங்கிலத்தில், முழுக்க முழுக்கப் பெரிய எழுத்தில். மகனின் பரீட்சைக் கட்டணம் அது. நான் வாய்விட்டுப் படித்துவிட்டுச் சிரித்தேன், லாட்டரிக்காரனே தோற்றான் என்று. பாய் சிரிக்கவில்லை. பக்கத்திலேயே கிடந்த ஒரு மோசடி மெயிலை எடுத்து இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். அதிலும் அதே மரியாதை, அதே கடவுள், அதே அவசரம்.

"நம்ம ஆளுங்க பெரியவங்களுக்கு எழுதுனா இப்படித்தாம்மா எழுதுவாங்க. டைப்ரைட்டிங் கிளாஸ்ல அப்படித்தான சொல்லிக் குடுத்தான்? பணிஞ்சு எழுதுறவனையும் ஏமாத்துறவனையும் மெஷினுக்குப் பிரிக்கத் தெரியல."

இதை முதல்வரிடம் போய்ச் சொன்னார். எல்லையைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். திரையில் வந்த அந்தத் தலைப்பை முதல்வர் இன்னும் மறந்திருக்கவில்லை. முடியாது என்றுவிட்டார். திரும்பி வந்து ஸ்கேலை எடுத்துக்கொண்டார் பாய்.

அதன்பிறகு ஒரு கடிதம் அகப்பட்டால் அதை இங்கிருந்து தட்டி அனுப்பிவிட மாட்டார். அடித்து எடுத்துக்கொண்டு தானே அந்தத் துறைக்கு நடந்து போய் உரியவர் கையில் கொடுத்து, லேட்டாகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்பார். ஏதோ அவரே எழுதித் தாமதமாகப் போட்ட மாதிரி. வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவரின் அழைப்பைக் கொண்டு கொடுத்தபோது எங்கள் மெக்கானிக்கல் துறைத் தலைவர், இதற்கு நீங்கள் எதற்கய்யா மன்னிப்புக் கேட்கிறீர்கள் என்று சிரித்திருக்கிறார். நாகர்கோவில் பையன் ஒருவனுடைய அண்ணன், அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று எழுதியதும் இப்படித்தான் பட்டியலில் கிடந்தது. வகுப்புக்கு ஓடினால், முந்தின இரவே போன் வந்து பையன் ஊருக்குப் போயிருந்தான். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆனால் அன்றைக்குப் பாய் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. போன் இல்லாதவங்களா இருந்தா, போன் இல்லாதவங்களா இருந்தா என்று இரண்டு தடவை சொன்னார், என்னிடம் அல்ல.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த வருடம் ஜூலையோ ஆகஸ்டோ, அவர் மாமனாருக்குக் கண் ஆபரேஷன் என்று புதன், வியாழன் இரண்டு நாள் லீவு போட்டார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்னை உட்கார வைத்து, பட்டியலை எப்படி அடிப்பது, எப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரிந்ததையே மறுபடி சொன்னார். ஸ்கேலை என் மேஜைமேல் கொண்டுவந்து வைத்தார். புதன்கிழமை படித்தேன். ஒன்பது பக்கம். அத்தனை அசிங்கத்தையும் ஒரு பெண் உட்கார்ந்து வரிவரியாகப் படிப்பது என்ன வேலை என்று எரிச்சலாக வந்தது. அவர் கையைப் பரப்பி மறைத்ததெல்லாம் என்னவென்று அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. ஒரு நிஜக் கடிதமும் இல்லை. வியாழக்கிழமை பட்டியலைத் திரையில் திறந்தேன், முதல் நாலு வரி பார்த்தேன், குமட்டியது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். "பாத்தியாம்மா?"

"பாத்தேன் பாய். ஒண்ணுமில்ல."

"எல்லாப் பக்கமும்?"

"எல்லாப் பக்கமும்."

அதற்கடுத்த வாரம் சனிக்கிழமை. அன்று வகுப்பு கிடையாது, அலுவலகம் மட்டும் அரை நாள். பாய் பட்டியலை விரித்து ஸ்கேலை இறக்கிக்கொண்டே வந்தவர், மூன்றாம் பக்கத்தில் நின்றார். கம்ப்யூட்டரில் அந்த மெயிலைத் திறந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று படித்தேன். கப்பலிலிருந்து வந்திருந்தது. அனுப்புநர் முகவரியில் பெயரே இல்லை, எண்களும் கப்பலின் குறியீடும்தான். கப்பல் கடிகாரம் நம்மைவிட எங்கேயோ முன்னால் ஓடியதால் தேதி வந்த நாளுக்கு மறுநாளாக இருந்தது. முழுக்கப் பெரிய எழுத்து. அவசரம் என்று மூன்று இடத்தில். கடவுள் இரண்டு இடத்தில். மென்பொருள் மார்க்கை அள்ளிப் போட்டிருந்தது. கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது, தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

மரியாதைக்குரிய விடுதிக் காப்பாளர் அவர்களுக்கு. கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார். இரண்டாம் முறை எழுதுகிறேன், முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. என் மகள் உங்கள் விடுதியில் முதலாண்டு. என் மனைவி இல்லை. மனைவியின் தம்பியை லோக்கல் கார்டியன் என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன். அதை ரத்து செய்கிறேன். எந்தக் காரணம் சொன்னாலும் என் மகளை அவனோடு அனுப்ப வேண்டாம். அவசரம். நான் கடலில் இருக்கிறேன், என்னால் வர முடியாது. நீங்கள்தான் அவளுக்குத் தகப்பன். கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார்.

விடுதிப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் லோக்கல் கார்டியன் என்று உள்ளூர்க்காரர் ஒருவர் உண்டு. அவருடைய போட்டோ ஒட்டிய அட்டை விடுதியில் இருக்கும். அந்த அட்டைக்காரர் சனிக்கிழமை காலையில் வந்து கையெழுத்துப் போட்டால் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகலாம், ஞாயிறு சாயங்காலம் கொண்டுவந்து விட வேண்டும். அன்று சனிக்கிழமை. மணி ஒன்பதே முக்கால்.

'இரண்டாம் முறை' என்ற வார்த்தைகளுக்கே என் கண் திரும்பத் திரும்பப் போனது. பாய் அதைக் கவனித்தாரா தெரியவில்லை. அவர் ஏற்கெனவே கதவருகே இருந்தார். விடுதிக்குப் போன் செய்தேன். காப்பாளர் அம்மாள் ரெஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, அந்தப் பெண்ணா, இப்பத்தான் மாமாவோட கையெழுத்துப் போட்டுட்டுப் போறா என்றார். அதைச் சொன்னதும் பாய் வாசலை நோக்கி ஓடினார், போனை வைத்துவிட்டு நானும் ஓடினேன். அவருக்கு முன்னால் ஓட முடியவில்லை. அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

மாமாவோடு ஒரு விடுதிப் பெண் போனாளா என்று பாய் கேட்டதும், வாசலில் வாட்ச்மேன் ஸ்டூலை விட்டு எழுந்தார். "இன்னா சார், இன்னா ஆச்சு? சந்தனக் கலரு சொக்கா போட்ட ஆளு, கண்ணாடி போட்ட பொண்ணா? தோ, இப்பத்தான் ரோட்டத் தாண்டிப் போய்கினு கீறாங்க. அந்தாண்ட பஸ் ஸ்டாப்புல நிக்கிறாங்க பாரு."

எதிர்ப்பக்கம் தாம்பரம் போகும் பேருந்து நிறுத்தம். கூட்டத்தில் சந்தன நிறச் சட்டை போட்ட ஓர் ஆள், கையில் இனிப்புப் பெட்டி. பக்கத்தில் தோள்பையை முன்பக்கமாக மாட்டி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஒரு பெண். தூரத்தில் பேருந்து வருவது தெரிந்தது. பாய் பத்துப் பேருக்காக நிற்கவில்லை. கையை நீட்டிக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் இறங்கிவிட்டார். ஒரு டேங்கர் லாரி பிரேக் போட்டு, சாலை முழுக்கக் கிறீச்சிட்டது. டிரைவர் அவர் அம்மாவைத் திட்டினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் அந்தப் பக்கம் இருந்தார்.

நான் போய்ச் சேர்வதற்குள் பேருந்து வந்து நின்றிருந்தது. பாய் அந்த ஆளுக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஹால் டிக்கெட்டில் போட்டோ மாறிவிட்டது, முதல்வர் கையோடு கூட்டிவரச் சொன்னார், இன்றைக்கு விட்டால் பரீட்சை எழுத முடியாது என்று திக்கித் திக்கிச் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் சொன்ன பொய். யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அந்தப் பெண் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேருந்துப் படியில் வைத்த காலை எடுத்து, நேராக வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். என் துப்பட்டாவின் ஓரத்தைப் பிடித்திருந்தாள். அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. அதுவரை அது ஒரு கடிதமாகத்தான் இருந்தது.

அந்த ஆள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. சிரித்தபடி, "அதுக்கென்ன சார், முடிச்சுட்டு வரட்டும். நான் வெய்ட் பண்றேன்" என்றான். சொன்னபடியே எங்கள் பின்னாலேயே சாலையைத் தாண்டி வந்து, வாசலில் வாட்ச்மேன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து நின்றுகொண்டான். பன்னிரண்டு மணிவரை நின்றான். ஜன்னல் வழியாக அந்தச் சந்தன நிறச் சட்டை தெரிந்துகொண்டே இருந்தது. இடையில் ஒரு தடவை வாட்ச்மேனுக்குப் பெட்டியைத் திறந்து இனிப்புக் கொடுத்தான். காப்பாளர் அம்மாள் கடிதத்தின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, முதல்வரையும் கூட்டிக்கொண்டு போய், உங்கள் அட்டை ரத்தாகிவிட்டது, இனி இங்கே வரக் கூடாது என்று சொன்ன பிறகும் அவன் முகம் மாறவில்லையாம். மச்சான் கப்பல்ல கிடக்கிறார், அவருக்கு இங்க நடக்கிறது என்ன தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

அவன் போகும்வரை அந்தப் பெண் எங்கள் அறையில்தான் இருந்தாள். பாய் அவள் பக்கம் திரும்பாமல் கம்ப்யூட்டரில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார். என்ன தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். மெயிலை அழித்தாலும் அது வந்த தடயம் சர்வரில் இருக்கும். எந்த நேரம் வந்தது, யாரிடமிருந்து, எத்தனை மார்க், எப்போது அழிக்கப்பட்டது, எந்தக் கணினியிலிருந்து, எல்லாமே. பக்கம் பக்கமாகப் பின்னால் போனார். ஓர் இடத்தில் நின்றார். போன வாரம் வியாழக்கிழமை. அதே கப்பல் முகவரி. அழித்தது என் கணினி. அந்த வரியின் மேல் அவர் விரல் இருந்தது. திரும்பி என்னைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். அந்த அரை நிமிஷத்தில் நான் பயந்த மாதிரி அவர் வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பயந்திருக்க மாட்டார்.

அவர் திரும்பவில்லை. பின்னாலிருந்து அந்தப் பெண்தான் கேட்டாள்.

"அப்பா போன வாரமே மெயில் போட்டுட்டேன்னு சொன்னாங்களே சார். அது வரலையா?"

பாய் அந்த வரியின் மேலிருந்து விரலை எடுத்தார்.

"மெயில் போட்டாச்சு, இனிமே அனுப்ப மாட்டாங்கன்னு அப்பா சொன்னாங்க. அதனால போன சனிக்கிழம மாமா வந்தப்ப வார்டன் மேடம் நிறுத்துவாங்கன்னு பாத்துட்டே இருந்தேன். அவங்க கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிட்டாங்க." அவள் அழவில்லை. பையின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கும் அனுப்பினாங்க. உங்களுக்கெல்லாம் தெரிஞ்சுதான் அனுப்புறீங்கன்னு நெனச்சேன்."

நான் வாயைத் திறந்தேன். சொல்லத்தான் திறந்தேன் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு முன்னால் பாய் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு எழுந்தார்.

"வந்துச்சும்மா. மெஷின் தள்ளி வெச்சிருச்சு. பாத்து எடுக்க வேண்டியது என் வேல. நான் பாக்கல. என் தப்பு."

அவள் அவரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் விலகாமல் வாங்கிக்கொண்டார். லாரிகளுக்கு நடுவே ஓடியவரின் செருப்பில் ஒன்று வார் அறுந்து கிடந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

அவள் விடுதிக்குப் போன பிறகு, "பாய், நான் அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "அந்த எல்லைய இறக்கி வெச்சது நாந்தானம்மா" என்றார். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை, அன்றைக்கும் சரி, பிறகும் சரி. முதல்வர் விசாரித்தபோதும் தன் பெயரைத்தான் சொன்னாராம். எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்தார்கள். பட்டியலை என்னிடம் மறுபடி ஒரு நாளும் தரவில்லை. நான் அங்கே இருந்தவரை அவர் லீவே போடவில்லை. காய்ச்சலோடு வந்து ஸ்கேலை இறக்கிக்கொண்டிருந்த நாட்களும் உண்டு.

அந்தப் பெண்ணின் அப்பா கரைக்கு வந்ததும் விடுதிக்கு வந்து பெண்ணைப் பார்த்தார், வேறொரு உறவினரைக் கார்டியனாகப் போட்டார் என்று கேள்வி. அவள் படிப்பை விடவில்லை. நன்றாகவே படித்தாள். லேபுக்குப் போகும் வழியில் எங்கள் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். பாய் வெளியே நின்றுகொண்டிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரை ஒட்டி வேகமாக நடந்து போய்விடுவாள். அவரும் அவள் வரும் நேரம் பார்த்து உள்ளே போய்விடப் பழகிக்கொண்டார். நான் நின்றுகொண்டிருந்தால், அந்தப் பெண் நின்று, சிரித்து, "குட்மார்னிங்க்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். நானும் குட்மார்னிங் சொன்னேன். அவள் படிப்பு முடிந்து போகும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.